சொல்லிக்கொண்டு போனவர்



சித்திரை இதழ் ஏன் வரவில்லை என்று கேட்டு வந்த கடிதங்கள் மேசைமேல் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலாவது கடிதத்துக்கு மேல் கை ஓடவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பங்குனிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை, ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், என் கணவர் காலமானார்.

அவரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. முதல் இதழ் தொடங்கி நம் பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்தவர் அவர்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி சின்ன எழுத்தில் அச்சிட்டவர் பெயர் இருக்குமே, அது அவர் பெயர். நெசவாளி வீட்டுப் பிள்ளை. தறிக்குழியை மூடிவிட்டு அதன்மேல் ட்ரெடில் மிஷினை ஏற்றிவிட்டானே என்று அவருடைய அப்பா கடைசிவரை வருத்தப்பட்டார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை என்று நாற்பத்தாறு வருஷம் இந்த ஊரின் நல்லது கெட்டதுக்கெல்லாம் எழுத்து கோத்தார். ஆஃப்செட் வந்த பிறகும் ஒரு கேஸ் ஈய எழுத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருந்தார்.

சொந்தத் துக்கத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. அவருடைய கடைசி மாதங்களில் நாங்கள் ஒரு பெரிய தப்பு செய்தோம். அதைத் திருத்திக்கொள்ள எங்களுக்குக் கொஞ்சம் நாள் மிச்சம் இருந்தது. எல்லா வீட்டுக்கும் அந்த நாள் மிச்சம் இருப்பதில்லை.

ஐப்பசியில் மேல்வயிற்றில் வலி என்றார். வலி முதுகு வரைக்கும் ஊடுருவுகிறது என்றார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கார்த்திகையில் கண் மஞ்சளானது. காமாலை என்று ஊரே சொன்னது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். உடம்பு இளைத்துக்கொண்டே போனபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என் மகனை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

கணையம் வயிற்றுக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. அங்கே கட்டி வந்தால் ஆரம்பத்தில் கைக்கும் தட்டுப்படாது, வலியும் காட்டாது. பித்தநீர் போகிற குழாயை அது நெருக்கிய பிறகுதான் கண் மஞ்சளாகும். நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோமோ என்று நான் என்னையே அரித்துக்கொண்டிருந்தபோது, அந்த டாக்டர்தான் இதை விளக்கிச் சொல்லி என்னைத் தேற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் மகனும் மகளும் அடுப்படியில் கூடிப் பேசி, அவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். 'அப்பா தாங்க மாட்டாரு.' இதுதான் எங்கள் மூன்று பேருடைய வாதமும். அல்சர் என்று சொன்னோம். ஃபைலை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகி வைத்தேன். அவர் முன்னால் சிரித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழும் நீதி நூலும் நடத்தியவள் நான்.

அவரோ ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்தே வாழ்ந்தவர். எங்கள் முகத்தைப் படிக்கவா அவருக்குத் தெரியாது? ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் அவருக்காக மறைத்தோம். அவர் எங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்தார். ஒரே வீட்டுக்குள், ஒரே கட்டிலருகில், இரண்டு மாதம் இப்படிப் போனது.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. மற்ற எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் 'வரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்க மாட்டோம். சாவு வீட்டில் மட்டும் அந்தச் சொல்லை விழுங்கிவிடுவோம். இதே மாதிரி ஒரு காரியத்துக்கு மறுபடியும் இந்த வாசலுக்கு வரும்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சின்ன வயதிலேயே பார்த்துப் பழகிவிடுகிறோம்.

தை மாதம் ஒரு மத்தியானம் அவருடைய பங்காளி முறையில் தம்பி ஒருவர் பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார், அதிகம் பேசவில்லை. பிறகு எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வாசல் இறங்கிப் போய்விட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வாயில் சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

"டீச்சர், அவன் கெளம்பிட்டானா?"

கல்யாணம் ஆன புதிதில் கேலியாக ஆரம்பித்தது, கடைசிவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"கெளம்பிட்டாருங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு போல."

"சொல்லிக்கவே இல்லயே."

நான் தலையணையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"எழவு வீட்லேருந்து போற மாதிரி போறான்." கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "நான் இன்னும் இருக்கேன்ல?"

அதற்கு மேல் எனக்கு மறைக்கத் தெம்பு இல்லை. கட்டிலிலேயே உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த உறுப்பு, எது வரை பரவியிருக்கிறது, டாக்டர் எத்தனை மாதம் சொன்னார், எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு தண்ணீரையும் நிறுத்தி நிறுத்திக் குடித்து முடித்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் வேல பாத்திருப்பேனே டீச்சர்."

அவர் அழவில்லை, நாங்கள் பயந்த மாதிரி உடைந்துபோகவும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே குறை அந்த இரண்டு மாதம்தான். இருந்ததே நாலைந்து மாதம். அதில் பாதியை அன்பின் பெயரால் நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் யாராவது இப்போது ஒரு ஃபைலை எங்கேயாவது ஒளித்து வைத்திருந்தால், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். பிரஸ்ஸிலிருந்து கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்று மகனை உட்கார வைத்து எழுத வைத்தார். காகிதக் கடை பாக்கியை அடைத்தார். ஒரு கல்யாண வீட்டுக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமலே போன ஐந்நூறு ரூபாய் பல வருஷமாக அந்த நோட்டில் இருந்தது. ஆள் எங்கே என்று விசாரித்து அதையும் அனுப்பினார். வங்கி, நாமினி, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் வந்தன.

அவருடைய அக்கா ஆண்டிமடம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். முந்திரிக்காட்டுப் பங்கில் வந்த மனத்தாங்கலில் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அவரே போன் போட்டு, "அக்கா, ஒடம்பு சரியில்ல. வந்து பாரு" என்றார். சாயங்காலம் பஸ்ஸிலேயே வந்துவிட்டார் என் நாத்தனார். காட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பாட்டுக்கு மாதுளம்பழத்தை உரித்து ஒவ்வொரு முத்தாகத் தம்பி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டியதும் எழுந்து, "வரேன்டா தம்பி" என்றார். இவர், "வாக்கா" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் நிலைப்படியில் நின்றிருந்தேன்.

இன்னொன்றையும் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது, மகளைக் கூப்பிட்டு, அக்கா காதிலும் விழும்படி சொன்னார்: "பாப்பா, நான் போனப்பறம் ஒங்கம்மா பொட்ட யாரும் தொடக் கூடாது. பூவ எடுக்கறது, வளையல ஒடைக்கறது எதுவும் இந்த வீட்ல நடக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு." பதினாறாம் நாள் அந்தப் பேச்சு எழத்தான் எழுந்தது. என் நாத்தனாரே, "எந்தம்பி வேணாம்னுட்டான்" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிட்டார். அல்சர் என்று நாங்கள் சொன்ன பொய்யையே காப்பாற்றிக்கொண்டு போயிருந்தால், அவர் எப்படி இதைச் சொல்லியிருக்க முடியும்? நெற்றியில் பொட்டோடுதான் இதை எழுதுகிறேன்.

மாசியில் ஒரு நாள் கங்கைகொண்ட சோழபுரம் போக வேண்டும் என்றார். எங்கள் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தூரம். கல்யாணம் ஆன புதிதில் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போன இடம். கார் வைத்துப் போனோம். கோயில் வளாகத்துக்குள் மகனும் பிரஸ் பையனும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பரமசிவன் சண்டேசர் தலையில் பூச்சுற்றுகிற சிற்பத்துக்கு முன்னால் இறக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு புல்தரையில், கோபுர நிழல் விழுகிற பக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஊரைத் தண்ணீரை வைத்துத்தான் ராஜேந்திர சோழன் கட்டினான். கங்கை வரை படை அனுப்பி வென்று, அந்த வெற்றிக்கு அடையாளமாக ஓர் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். இன்று நாம் பொன்னேரி என்கிறோம். திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று சொல்கிறது. கோயிலுக்குள் இருக்கிற சிங்கமுகக் கிணற்றில் கங்கை நீரைக் கொட்டினான் என்பது ஊர் வழக்கு. வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போய் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட கதை ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் அதைக் கேட்டார். கோயிலைப் பற்றி யாரோ எழுதிய சின்னப் புத்தகத்தை அவர்தான் முன்னொரு காலத்தில் எழுத்து கோத்து அச்சடித்தார். அதில் படித்தது ஞாபகம் வந்திருக்கிறது.

ராஜேந்திரன் 1044-இல் இறந்தான், இந்தத் தலைநகரில் அல்ல. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றுக்குப் பக்கம் பிரம்மதேசத்தில். அவனோடு அவனுடைய தேவியரில் ஒருவரான வீரமாதேவியும் உயிர்விட்டார். உடன்கட்டை ஏறினார் என்று கல்வெட்டறிஞர்கள் சொல்கிறார்கள். பிரம்மதேசம் கோயில் கல்வெட்டில் இந்தச் செய்தி இருக்கிறது. வீரமாதேவியின் உடன்பிறந்தவர் சோழர்களின் சேனாபதி. மதுராந்தகன் பராந்தக வேளான் என்று பெயர். தன் சகோதரியின் தாகம் தீர அவர் ஒரு தண்ணீர்ப்பந்தல் வைத்தார்.

அந்தக் காலத்து வீரம் என்று சொல்லி இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒரு நாளும் ஒப்பவில்லை. புருஷன் போனதும் பெண்ணும் போக வேண்டும் என்பது கொடுமை, அரசி ஆனாலும் கொடுமை. ஆனால் அந்த சேனாபதியை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். படை நடத்தியவர், வெற்றித்தூண் நட்டிருக்கலாம், கோயிலுக்குப் பொன் கொடுத்திருக்கலாம். அவர் மனதில் நின்றதெல்லாம் அக்காவோ தங்கையோ, அவளுக்குத் தாகம் எடுத்திருக்குமே என்பதுதான்.

"அவளுக்கு எப்புடித் தாகம் எடுத்துச்சோ" என்றார் என் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "நீ இருக்கணும் டீச்சர். பத்திரிகைய நிறுத்திப்புடாத" என்றார். வாட்ச்மேன் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தோம்.

பங்குனி பிறந்ததும் வலி கூடியது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தை உங்களுக்குத் தெரியும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் எனக்கும் தெரிந்திருந்தது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை கொடுக்கச் செவிலியர் வருவதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த சிஸ்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் என்னைப் போன்ற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். இடுப்பு, குதிகால், முதுகுத்தண்டு மூன்றையும் தினம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி தானாகவே போய்விடும். சாப்பிடாததால் உயிர் போவதில்லை, உயிர் போகிற கட்டம் நெருங்குவதால் சாப்பாடு இறங்குவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒரு வாய் கஞ்சிக்காக அவரோடு சண்டை போட்ட நாட்களும் உண்டு.

டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அபினிச் செடியிலிருந்து வருகிற மருந்து அது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமத்தோடு அபினி பயிரிடுகிற நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடிக்கிற நம் நோயாளிகளுக்கு அந்த மாத்திரை பல வருஷம் எட்டாக்கனியாக இருந்தது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இதற்காக எத்தனை வருஷம் போராடினார்கள்! கோழிக்கோட்டில் 1993-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பிலிருந்துதான், படுக்கையில் இருப்பவரை அக்கம்பக்கத்தார் முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிற பழக்கம் அந்த மாநிலம் முழுக்கப் பரவியது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, வலி வருகிறவரை காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஓர் இரவு நான் பயந்துவிட்டேன். பழக்கமாகிவிடுமோ, மாத்திரையே ஆளைக் கொண்டுபோய்விடுமோ என்று நினைத்து, இரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். விடியும்வரை அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். காலையில் சிஸ்டர் வந்து, அளவாகக் கொடுக்கிற மார்ஃபின் வலியை எடுக்குமே தவிர ஆளை எடுக்காது, மலச்சிக்கல் வரும், அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "புரூஃப்ல ஒரு தப்பு விழுறது சகஜம்" என்றார். எனக்கு அந்த இரவு இன்னும் ஆறவில்லை.

பாரதியாரின் மகள் சகுந்தலாவைப் பற்றிப் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணி வீட்டில் பாரதி கடைசியாகக் கிடந்தபோது மருந்து சாப்பிட மறுத்தார். அந்தச் சிறுமியைக் கொடுக்கச் சொன்னார்கள். அவளோ மருந்து என்று நினைத்துப் பக்கத்திலிருந்த கஞ்சியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பெரியவளான பிறகும் மறக்காமல் அதை எழுதி வைத்தார் என்றால், அந்தக் கோப்பை எவ்வளவு காலம் அவர் கையில் இருந்திருக்கும்? செல்லம்மா பாரதி தன் கணவரைப் பற்றித் திருச்சி வானொலியில் பேசியது 1951-இல், முப்பது வருஷம் கழித்து. கட்டிலருகில் இருந்தவர்களுக்கு வார்த்தை உடனே வருவதில்லை. நான் அவசரப்பட்டு எழுதுகிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

கடைசி வாரத்தில் மகன் தவித்துப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனான். "தம்பி, எனக்குக் குழாய் கிழாயெல்லாம் வேணாம். இங்கயே கெடக்கறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். பேச முடிகிற நிலையில் இருந்தார், சொன்னார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்த நடைமுறையை 2023-இல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசடட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். போன வாரம் நான் என்னுடையதை எழுதி, அந்த மஞ்சள் பையிலேயே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை தெளிவாக இருந்தார். காபி கேட்டு இரண்டு மடக்கு குடித்தார். பிரஸ் பையனைக் கூப்பிட்டு, மிஷினுக்கு எண்ணெய் போட்டாயா என்றார். எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. சிஸ்டர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "அம்மா, சில பேருக்கு இப்புடி ஒரு நாள் வரும். பேசணும்னு இருக்கறதெல்லாம் இன்னைக்கே பேசிடுங்க" என்றார். ராத்திரி வெகுநேரம் பேசினோம். அதில் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு மட்டும் ஆனது.

வியாழக்கிழமை கண் திறக்கவில்லை. கால் சில்லிட்டது. முழங்காலுக்குக் கீழே தோலில் நீலம் பூத்தது. மூச்சு வேகமாக வந்து, பிறகு நின்று, நாம் எண்ணி முடிப்பதற்குள் மறுபடி வந்தது. தொண்டையில் சளி கட்டி இழுத்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சத்தம் வேதனை, அவருக்கு அது தெரியாது என்றார் சிஸ்டர். ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் சத்தம் குறைந்தது. என் நாத்தனார் பால் ஊற்ற வேண்டும் என்று டம்ளரோடு வந்தார். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்தப் பெண் வழக்கத்தைத் தடுக்கவும் இல்லை, அக்காவைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஒரு பஞ்சைப் பாலில் நனைத்துக் கையில் கொடுத்து, உதட்டில் தொட்டு வைக்கச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து தொட்டு வைத்தார்கள். நான் தண்ணீர் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டேன். உதடு காயக் காய ஈரப்படுத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்த சேனாபதியின் ஞாபகம்தான்.

காது கடைசிவரை கேட்கும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நினைவு தப்பிய, சாகும் தறுவாயில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒலிக்கு அவர்களில் சிலருடைய மூளை அப்போதும் அசைந்துகொடுத்தது. கேட்டது புரிந்ததா என்று அந்தக் கருவி சொல்லாது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எதையாவது சொல்ல வேண்டும் என்று அவர் காதருகே குனிந்தேன்.

'போயிட்டு வாங்க' என்பதுதான் நம் வார்த்தை. அது எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நாற்பத்து நாலு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு அவர் பிரஸ்ஸுக்குக் கிளம்புவார். நான் அடுப்படியிலிருந்து, "என்னங்க, சாவி எடுத்துக்கிட்டீங்களா?" என்பேன். அவர் பதில் சொல்ல மாட்டார். சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டிவிட்டுப் படியிறங்குவார். ஒரு நாளும் நாங்கள் 'வரேன்' என்றோ 'வாங்க' என்றோ சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சாவிச் சத்தம்தான் எங்களுக்கு அது.

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகள் கீழே பாயில் கண்ணயர்ந்திருந்தாள். ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து வந்தேன். அவர் காதோரம் மெல்லக் குலுக்கினேன்.

"என்னங்க, சாவி எங்கிட்ட இருக்கு. நீங்க கெளம்புங்க" என்றேன்.

அதற்குப் பிறகு மூச்சு ஏழெட்டு முறை வந்தது. அப்புறம் வரவில்லை.

வைகாசி இதழ் இதோ உங்கள் கையில். பிரஸ்ஸை மகனும் பையனும் பார்த்துக்கொள்கிறார்கள். எழுத்துப் பிழைகள் கண்ணில் பட்டால் எழுதுங்கள். திருத்துகிற கண் ஒன்று குறைந்திருக்கிறது. சந்தா அனுப்பியவர்களுக்குச் சித்திரைக்கு ஈடாக ஓர் இதழ் சேர்த்துத் தருவோம்.

அக்கினி நட்சத்திர வெயில் இந்த வருஷம் கொளுத்துகிறது. பிரஸ் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, மணல் கொட்டி, இரண்டு மண்பானை வைத்திருக்கிறோம். காலையில் தண்ணீர் நிரப்பி வெட்டிவேர் போடுவது என் வேலை. அவர் பெயரை எழுதி மாட்டலாம் என்றான் மகன், வேண்டாம் என்றுவிட்டேன். நேற்று மத்தியானம் நாலு ரோட்டிலிருந்து நடந்து வந்த ஒரு பெரியவர், தலையில் முந்திரிக்கொட்டை மூட்டை, அதை இறக்கி வைத்துவிட்டு மூன்று டம்ளர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"வரேன் தாயி" என்றார்.

"வாங்கய்யா" என்றேன்.